தலைநகரில் தென்னகச் செடிகள்

பணியின் பொருட்டுத் தமிழகத்தினின்று தில்லிக்கு வந்து வாழும் குடும்பங்கள் பல, தம் வீட்டு மாடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியேனும் வளர்க்க விரும்புகின்றன. பங்குனியில் வாங்கிய கன்று மழைக்காலத்தில் தழைக்கின்றது. மார்கழி பிறந்ததும் அதன் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. தை மாதத்தில் வெறும் குச்சி மட்டுமே நிற்கின்றது. செடி பட்டுப்போயிற்று என்று கருதி அதனைப் பிடுங்கி எறிவோர் உளர். ஆனால், இலை உதிர்ந்த செடியெல்லாம் இறந்த செடி அன்று. அதனைக் காக்கும் வழியை இப்பாடத்தில் அறிவோம்.

குளிரும் செடியும்

சென்னையில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தில்லியில் அதே மாதத்தில் அது 7 டிகிரி அளவுக்கு இறங்கும். சில இரவுகளில் 4 டிகிரிக்கும் கீழே செல்லும். வெப்பமண்டலச் செடிகள் இக்குளிருக்குப் பழகியவை அல்ல. வாழை, 14 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வளர்ச்சியை நிறுத்திவிடும். மல்லிகை பூப்பதை நிறுத்தி ஓய்வு கொள்ளும். கறிவேம்பு இலைகளை உதிர்த்து உறங்கும்.

உறங்கும் செடியின் வேர்கள் மிகக் குறைந்த நீரையே உறிஞ்சும். அப்போது கோடையில் ஊற்றியதுபோல் நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். குளிர் கொல்லாத செடியையும் இவ்வாறு நீர் கொன்றுவிடும். ஆகவே, மேல்மண் உலர்ந்த பின்னரே, காலை வேளையில் சிறிது நீர் விடுதல் வேண்டும்.

செடி உயிரோடு இருக்கின்றதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கின்றது. மேல்தண்டு காய்ந்திருந்தாலும் அடித்தண்டில் பசுமை இருக்கலாம். பங்குனி வரை பொறுத்திருந்தால் புதுத்தளிர் தோன்றும்.

பெயர் அறிந்து கேட்டல்

நாற்றுப்பண்ணைக்குச் செல்வோர் அவ்வூர்ப் பெயர்களை அறிந்திருத்தல் நலம்.

கறிவேப்பிலை – மீட்டா நீம், கடீ பத்தா
மல்லிகை – பேலா, மோக்ரா
முருங்கை – சஹ்ஜன்
வாழை – கேலா
வெற்றிலை – பான்

'மீட்டா நீம்' என்பதற்கு 'இனிப்பு வேம்பு' என்பது பொருள். தமிழரும் வடபுலத்தாரும் இச்செடியின் இலையைக் கண்டு வேம்பையே நினைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. எனினும் கறிவேம்பு, வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலை அடிவாரக் காடுகளில் அது தானாகவே வளர்கின்றது. முருங்கையின் தாயகமும் அப்பகுதியே. ஆகவே, நாம் தென்னகச் செடிகள் என்று கருதும் இவை வடபுலத்துக்கும் உறவுடையவையே.

நாற்றுப்பண்ணையைத் தேடுதல்

சாலையோர நாற்றுப்பண்ணைகள் தில்லியில் பல உள்ளன. அவற்றில் விற்கும் கன்றுகள் அனைத்தும் அங்கேயே வளர்க்கப்பட்டவை அல்ல. ஆந்திரத்தின் கடியம் போன்ற வெப்பமான ஊர்களிலிருந்து சரக்குந்துகளில் கன்றுகள் வந்து சேர்வதுண்டு. அவ்வாறு வந்த கன்றைக் கார்த்திகையில் வாங்கினால், அது ஊருக்குப் பழகும் முன்பே குளிர் தாக்கும். எனவே, பங்குனியிலோ மழைக்காலத் தொடக்கத்திலோ வாங்குதல் நன்று. வாங்கும்முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இக்கன்று எங்கே வளர்ந்தது? கடந்த குளிர்காலத்தை இவ்வூரில் கழித்ததா? குளிர்மாதங்களில் இதனை எங்கே வைத்திருந்தீர்கள்?

அறிவுரை பெறத்தக்க அரசு நிறுவனங்களும் உள்ளன. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905-இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. 1934-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் 1936-இல் தில்லிக்கு மாற்றப்பெற்றது. தில்லியின் உஜ்வாவில் வேளாண் அறிவியல் நிலையம் ஒன்று இயங்குகின்றது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அமைந்தது என்பது நாம் அறியத்தக்க செய்தி.

உமாயூன் கல்லறைக்கு அருகில் உள்ள சுந்தர் நர்சரியையும் கண்டு வாருங்கள். புதுதில்லி நகரம் உருவானபோது, எம்மரங்கள் இம்மண்ணில் வேரூன்றும் என்று சோதித்தறிய அமைந்த பண்ணை அது. வேற்றிடத்து மரங்களைப் பொறுமையோடு பழக்கிய பின்னரே தலைநகரின் சாலைகளில் நட்டனர்.

பசுமைக்குடில்

கதிரவன் ஒளி கண்ணாடியையோ பாலித்தீன் தாளையோ ஊடுருவி உள்ளே சென்று மண்ணையும் செடியையும் சூடாக்குகின்றது. அவற்றால் சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகின்றது. ஈரமும் காக்கப்படுகின்றது. இதுவே பசுமைக்குடிலின் இயக்கம்.

இக்கருத்து நம் நாட்டு உழவர்க்குப் புதியதன்று. உத்தரப்பிரதேசத்தின் மகோபாவில் வெற்றிலை பயிரிடுவோர் மூங்கிலாலும் வைக்கோலாலும் கூரையும் சுவரும் வேய்ந்து, அதனுள்ளே கொடி வளர்க்கின்றனர். அதற்குப் 'பரேஜா' என்று பெயர். அது கோடையின் அனற்காற்றையும் குளிர்காலத்தின் பனியையும் தடுக்கின்றது. தமிழகக் கொடிக்காலில் இத்தகைய கூரை தேவையில்லை. அகத்தி மரங்களே கொடிக்குத் துணையும் நிழலுமாகின்றன. பயிர் ஒன்றே, மண்ணுக்கும் வானுக்கும் ஏற்ப முறை வேறாகின்றது.

நாமும் சிறு குடில் அமைக்கலாம். தெற்கு நோக்கிய மாடத்தில் நான்கு மூங்கிற் கழிகளை நட்டு, அவற்றின்மேல் ஒளி புகும் பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள். தாள் இலைகளைத் தொடலாகாது. மாலையில் மூடிக் காலையில் திறந்து காற்றோட்டம் தருதல் வேண்டும்; இல்லையேல் ஈரம் தேங்கிப் பூசணம் பற்றும்.

வெயில் படாத வீட்டில் வாழ்வோர் என்ன செய்வது? பள்ளித் தோட்டத்தில் இடம் தருமாறு ஆசிரியரிடம் வேண்டலாம். குடியிருப்பின் மொட்டைமாடியில் பல வீட்டார் கூடிப் பொதுக்குடில் அமைக்கலாம். குளிர் தீரும்வரை செடியை வைத்துக் காப்பீர்களா என்று அருகிலுள்ள நாற்றுப்பண்ணையாரிடம் கேட்கலாம். பணிமாற்றம் பெற்று வேறூர் செல்லும் குடும்பத்தார், தம் செடியை எறிந்துவிடாமல் அத்தகைய பொதுக்குடிலில் விட்டுச் செல்லலாம். அடுத்து வரும் குழந்தை அதன் இலையைப் பறித்துக்கொள்ளும்.

சொற்பொருள்

மாடம் – வீட்டின் முன்புறத் திறந்த பகுதி
வடபுலம் – வடநாடு
கொடிக்கால் – வெற்றிலைத் தோட்டம்
பூசணம் – பூஞ்சை

பயிற்சி

1. குளிர்காலத்தில் மிகுதியாக நீர் ஊற்றினால் செடிக்கு என்ன நேரும்?
2. பரேஜாவுக்கும் கொடிக்காலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பிரித்து எழுதுக: கறிவேப்பிலை, பசுமைக்குடில், வேரூன்றும்.
4. உங்கள் ஊர் நாற்றுப்பண்ணை ஒன்றுக்குப் பெற்றோருடன் சென்று, மூன்று வினாக்களையும் கேட்டு, பெற்ற விடைகளைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக.