மலச்சிக்கலுக்கு மரப்பட்டைக் கஷாயம்

கேள்வி: கல்வராயன்மலை மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் மலச்சிக்கல் தீருமா?

பதில்: மருதம்பட்டை, வேலம்பட்டை எல்லாம் துவர்ப்பு மிகுந்தவை, போகிற வயிற்றைக் கட்டுமே தவிர மலத்தை இளக்காது. மலச்சிக்கலுக்குக் கல்வராயன்மலை தருவது கடுக்காய். மலையாளி பழங்குடியினர் காட்டில் பொறுக்கி விற்கும் அந்தக் காயை உடைத்து, கொட்டையை அறவே நீக்கி, தோலை மட்டும் இடித்துச் சலித்து, இரவில் அரை டீஸ்பூன் வெந்நீரில் கலந்து குடிப்பார்கள். சரக்கொன்றையிலும் பேதியாக்குவது பட்டையன்று; நீண்ட காய்க்குள் வில்லை வில்லையாக ஒட்டியிருக்கும் கறுப்புச் சதைதான்.

பட்டையே மலமிளக்கியாக இருப்பது வட அமெரிக்கக் காஸ்கரா மரத்தில். பச்சைப் பட்டை வாந்தி எடுக்க வைக்கும் என்பதால் ஓராண்டு உலர விடுவார்கள். பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லையென்று, சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளிலிருந்து அதை அமெரிக்கா 2002இல் நீக்கிவிட்டது. நம்மூர் நிலாவாரை இலையும் அதைப்போலவே குடலைத் தூண்டுவது. ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்தால் உடலில் பொட்டாசியம் குறையும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதய, சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. மலத்தில் ரத்தம், வாந்தி, கடும் வயிற்றுவலி இருந்தால் கஷாயத்தை அடுப்பிலேற்றாமல் உடனே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.