மணலுக்கு எவ்வளவு காற்று?

அன்புள்ள கதிர்,

டென்மார்க்கின் ரோமோ கடற்கரையில், அலை எட்டாத உலர் மணலில் பட்டம் இழுத்து ஓடும் உன் மூன்று சக்கரக் கைட் பக்கி புதைந்து நின்றதாகவும், அகல டயர் வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். வாங்கு. ஆனால் ‘அகலம் கூடினால் எடை பரவும், அதனால் புதையாது’ என்று நீ சொன்ன காரணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உனக்கு அழுத்தம் பாடம் நடத்தியவன் நான், கோபம் வராதா?

டயர் தரையில் தரும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். நீயும் வண்டியும் சேர்ந்து 120 கிலோ என்று வை, சக்கரத்துக்கு 40. 20 பிஎஸ்ஐ காற்றில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். 5 பிஎஸ்ஐயில் 114. டயர் ஒல்லியா பருமனா என்று இந்தக் கணக்கு கேட்கவே இல்லை, பார். டயர்ச் சுவரின் விறைப்பு விடையைக் கொஞ்சம் மாற்றும், அது கிடக்கட்டும். ஒல்லி டயரில் காற்றை அவ்வளவு இறக்கினால் சப்பையாகி ரிம் இடிக்கும். பருத்த டயர் தாங்கும். அகலத்தின் பயன் அதுதான். அகல டயரை வாங்கி, கிண்ணென்று காற்றடித்து ஓட்டுகிறவர்களுக்குக் காசு தண்டம்.

இதை அனுபவத்தில் கண்டவர் ரால்ஃப் பேக்னால்ட். 1920களில் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. விடுப்பு கிடைத்தால் ஃபோர்டு கார்களோடு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். டயரில் காற்றை இறக்குவார். சிக்கிய சக்கரத்தடியில் இரும்புத் தகடு செருகுவார். அதோடு விட்டாரா? லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து, மணலை ஊதி ஊதிப் பார்த்து, 1941இல் புத்தகமே எழுதினார். என் பிரதியை யாருக்கும் இரவல் தருவதில்லை. மணல்மேட்டில் காற்று வீசும் பக்கம் மோதிப் படியும் மணல் நெருங்கி இறுகும். மேட்டின் மறுபுறம் சரிந்து விழும் மணல் தளர்ந்து கிடக்கும் என்கிறார். அதே மணல்தான், ஒரு பக்கம் கார் ஏறும், மறுபக்கம் அச்சு வரை இறங்கும். டயர் அட்டவணையைப் புரட்டும் நேரத்தில் இதை நீ படித்திருக்கலாம். 1940இல் அவர் தொடங்கிய பாலைவனப் படையில் முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அரை நூற்றாண்டு கழித்து, நீ ஓட்டும் வகைப் பக்கியை உருவாக்கிப் பரப்பிய பீட்டர் லின்னும் அந்த நாட்டவரே. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனக்குச் சொல்லப் பிடிக்கும், அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் முள்முள்ளாகக் கட்டை வைத்த டயரைக் காட்டுவார்கள். வேண்டாம். அது எஞ்சின் சுழற்றும் சக்கரத்துக்கு. உன் வண்டியை இழுப்பது பட்டம். சக்கரம் சும்மா உருள்கிறது. கட்டைகள் மணலின் மேல்தோலைக் கிழிப்பதோடு சரி. வழவழப்பானதோ, சுற்றிலும் நீளவாக்கில் வரி ஓடுவதோ போதும். முன்சக்கரத்தை மட்டும் ஒல்லியாக விட்டுவைக்காதே, அது உழுதுகொண்டே போகும்.

பட்டம் பக்கவாட்டிலும் இழுக்கும். காற்றை மிகவும் இறக்கினால் டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். ட்யூப் இருந்தால் வால்வு பிய்ந்துவிடும். பெரிய டயர் போட்டால் இருக்கையும் உயரும். கவிழாமல் இருக்கப் பின்அச்சை நீளமாக்கு. கெட்டியான ஈர மணலுக்கு இறங்கியதும் மறுபடி காற்றடி. கார் டயருக்கான அளவுமானியை நம்பாதே, 5க்குக் கீழே அதன் முள் சொல்வதெல்லாம் உத்தேசம்தான். குறைந்த அழுத்தத்துக்கென்றே தனியாக விற்கிறது.

டயர் வந்ததும் சமதளமான ஈர மணலில் வண்டியைத் தூக்கி வைத்து, உட்கார்ந்து, உருளாமல் அப்படியே தூக்கச் சொல். தடத்தின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேலால் அள. 20, 10, 5 மூன்றுக்கும் எழுதி அனுப்பு. சக்கரத்தின் விட்டத்தையும் மறக்காமல் குறி. நீளத் தடமா அகலத் தடமா மேல் என்பதில் எனக்கொரு கட்சி உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் வாத்தியார்