உருளைக்குள் தங்கும் தகைப்பு

மாணவர்களே, கற்பிட்டிக் கடைகளில் தொங்காமல் அடுக்கியிருக்கும் மீன் ரின்னை எடுத்துப் பாருங்கள். அதன் மெல்லிய தகடு, வன்மையான உருக்கு உருளைகளுக்கிடையே நெரித்து ஆக்கப்பட்டது. அவ்வுருளையை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, நீரால் சடுதியாகக் குளிர்த்தே வன்மையாக்குவர்.

வினா: குளிர்ந்து முடிந்தபின் மேற்பரப்பில் இருப்பது இழுவையா, நெருக்கலா?

பலர் “இழுவை” என எழுதுவர். நான் கலைப் பட்டதாரி. முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். தொடக்கத்தில் அது சரி. மேற்பரப்பு முந்திக் குளிர்ந்து சுருங்கும். சூடான உட்பகுதி இளகி இடங்கொடுக்கும். பின்னர் உட்பகுதி சுருங்க முயலும்போது, இறுகிவிட்ட மேற்பரப்பு விடாது. ஆகவே முடிவில் மேற்பரப்பில் நெருக்கல், உள்ளே இழுவை. வன்மையாகும் மேற்பரப்பின் கனவளவு சற்றுக் கூடுவதும் நெருக்கலை மிகுவிக்கும்.

மேற்பரப்பின் நெருக்கல் நன்மையே. வெடிப்பை வாய்திறக்க விடாது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியும் இம்முறையிலேயே பலப்படுத்தப்படுகிறது. உள்ளிழுவை மிகுந்தாலோ, சுமையின்றிக் களஞ்சியத்தில் கிடக்கும் உருளைகூடப் பிளக்கலாம். அருகில் நிற்பவருக்கு ஆபத்து. ஆகையால் உருளையை மீண்டும் ஏறத்தாழ 200 பாகைக்கு மெதுவாகச் சூடேற்றி, பல மணிநேரம் வைத்து, ஆறவிடுவர். வன்மை சிறிது குறையும், தகைப்பும் குறையும்.