மோட்டார் தானியங்கி அட்டை இயங்கவில்லையா?

பம்புசெட்டைத் தானாக ஓட்டி நிறுத்தும் கருவிகள் இன்று பல தோட்டங்களில் உள்ளன. இவற்றின் மூளையாக இருப்பது மின்சுற்று அட்டையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் சில்லு. பொத்தானை அழுத்தியும் அட்டை அசையாவிட்டால், சில்லு கெட்டது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. சில்லுக்கு முறையாக மின்சாரம் வராததும் காரணமாகலாம்.

பயிர் வாடும் நிலையில் இருந்தால், ஸ்டார்ட்டரைக் கையால் இயக்கி முதலில் நீர் பாய்ச்சுங்கள். அப்போது தண்ணீரின்றி மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் காப்பு இல்லாமல் போகலாம். ஆள் அருகில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை

ஸ்டார்ட்டர் பெட்டியில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் உள்ளது. மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிய பின், வயர்மேனைக் கொண்டு அட்டையை வெளியே எடுங்கள். சோதனையை மேசைமேல் 12 வோல்ட் பேட்டரியில் மட்டுமே செய்ய வேண்டும். இணைப்பில் 1 ஆம்பியர் பியூஸ் அவசியம்.

சோதிக்கும் முறை

1. உப்பிய கண்டென்சர், கருகிய தடம், எறும்புக் கூடு, பச்சை பூத்த ஈயப்பற்று உள்ளனவா எனப் பாருங்கள்.

2. பல அட்டைகளில் 7805 என்னும் மூன்றுகால் சீராக்கி இருக்கும். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடது காலில் பேட்டரியின் பாசிட்டிவையும் நடுக்காலில் நெகட்டிவையும் இணைத்து, மல்டிமீட்டரால் வலது காலை அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு மின்வழங்கலில்தான்.

3. சில்லின் பள்ளத்துக்கு இடப்புறம் உள்ளது முதல் கால். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணுங்கள். 40 கால் கொண்ட 89எஸ்52 சில்லில் 40, 20 ஆகிய கால்களுக்கிடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையேல் தடம் அறுந்திருக்கலாம்.

4. இதே சில்லின் 9ஆம் கால் ரீசெட். அதில் 0 வோல்ட் இருக்க வேண்டும். 5 வோல்ட் நிலைத்து நின்றால் சில்லு தொடங்காது. அங்குள்ள சிறு கண்டென்சரை மாற்றுங்கள். 28 கால் கொண்ட ஏடிமெகா328 சில்லில் இது நேர்மாறு: ரீசெட்டான முதல் காலில் 5 வோல்ட் இருக்க வேண்டும்.

5. இவையெல்லாம் சரியெனில், அதே மெகாஹெர்ட்ஸ் எண்ணுள்ள புதிய கிரிஸ்டலைப் பொருத்திப் பாருங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் சில்லையே சந்தேகிக்கலாம். ஆனால் கடையில் அதே எண்ணுள்ள சில்லை வாங்கிப் பொருத்துவதால் பயனில்லை; அதனுள் நிரல் இராது. நிரல் பதித்த சில்லைத் தயாரிப்பாளரிடமே பெற வேண்டும். இவ்வாறு வரிசையாகச் சோதித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம், பாசனமும் தடைப்படாது.