நவராத்திரிச் சுண்டலும் நாள்தோறும் உணவும்

திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் அன்னை பிரகதாம்பாளைப் புதுக்கோட்டைச் சீமையார் அரைக்காசு அம்மன் என்றே அன்புடன் அழைப்பர். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில், நவராத்திரி நாள்களில் மக்களுக்கு அரிசியும் அதனோடு அம்மன் காசும் வழங்கப்பெற்றன. 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அக்காசு இன்று வழக்கில் இல்லை. ஆயினும் நவராத்திரிக்குரிய மற்றொரு வழக்கம் வீடுதோறும் நிலைத்து நிற்கின்றது. அதுவே மாலைதோறும் பயறு வேகவைத்துப் படைக்கும் சுண்டல் நிவேதனம்.

ஒன்பது நாள்கள் முறை தவறாது செய்யும் அச்சுண்டலைப் பத்தாம் நாள் நாம் மறந்துவிடுகின்றோம். அங்ஙனம் மறவாது, ஆண்டு முழுவதும் இல்லங்களில் அதனைப் பேண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

அரிசி நமக்கு உயிர் போன்றது. எனினும் அரிசி ஒன்றே உடம்பிற்குப் போதாது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதமே உண்டு. அதே எடையுள்ள உலர்ந்த கொண்டைக்கடலையிலோ ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. இரும்புச்சத்து அவ்வரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கடலையில் ஆறு மில்லிகிராமுக்கும் மேல். மேலும், லைசின் என்னும் புரதக்கூறு அரிசியில் குறைவு, பயற்றில் மிகுதி. மெத்தியோனின் என்பது பயற்றில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு. ஆகவே சோறும் பயறும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன.

அரிசியை மிகுதியாகத் தீட்டுவதால் விளையும் கேட்டினை நம் நாட்டில் அறிஞர் ஆராய்ந்தது தமிழ் மண்ணிலேயே ஆகும். 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் தலைமையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு தொடங்கப்பெற்றது. தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து நீங்கிவிடுவதால், தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோர்க்கு வருவது அந்நோய். அந்த ஆய்வகமே பின்னர் வளர்ந்து ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. புழுங்கலரிசி உண்ட நம் முன்னோர் வழக்கத்தின் நன்மை இதனால் விளங்கும்.

இனி, நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் அடுக்களையிலேயே உள்ளது. கணவர்க்கும் பிள்ளைகட்கும் முதியோர்க்கும் பரிமாறிய பின்னரே இல்லத்தரசி உண்ண அமர்கின்றாள். அப்போது சோறும் இரசமும் எஞ்சியிருக்கும். காயும் பருப்பும் எஞ்சுவதில்லை. பணிக்குச் செல்லும் பெண்களோ காலை உணவையே விடுத்து, ஒரு குவளை காப்பியோடு பேருந்து ஏறுகின்றனர். களைப்பும் மூச்சிரைப்பும் தலைசுற்றலும் வந்தால், வேலை மிகுதியால் வந்தவை என்று தாமே அமைதி கொள்கின்றனர். கோயிலில் அன்னையை வணங்கிவிட்டு, வீட்டில் உள்ள அன்னையின் இலையைப் பாராது இருத்தல் முறையாகுமா?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்களுள் ஆறனை உணவு பற்றியே அமைத்துள்ளார். பசித்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், ஒவ்வாதன நீக்குதல் என்பனவே அவர் கூறும் மருந்து. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நேரமும் மிகுதியாக வேண்டா.

ஓய்வற்ற குடும்பத்தினர் பின்வருமாறு செய்யலாம். இரவு படுக்கச் செல்லுமுன் ஓர் ஆழாக்குக் கொண்டைக்கடலையை நீரில் ஊறவைத்தல் வேண்டும். காலையில் அந்நீரை வடித்து, உலை ஏற்றும்போதே குக்கரில் அதனையும் வேகவிடலாம். நால்வர்க்கு அது போதும். மறுநாள் பாசிப்பயறு, அதற்கடுத்து தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, வேர்க்கடலை என மாற்றி மாற்றிச் சமைத்தால் சலிப்புத் தோன்றாது. பாசிப்பயற்றை முளைகட்டியும் உண்ணலாம். வாயுத் தொல்லை உடையார் இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துக்கொள்க. இறுதியில் எலுமிச்சைச் சாறு பிழிதல் மிக நன்று. அதிலுள்ள வைட்டமின் சி, பயற்றின் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கத் துணை செய்யும். தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கும். ஆதலின் உணவிற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அவற்றைப் பருகுக. உப்பு, ஊறுகாய் அப்பளத்தில் உள்ளதும் சேர்த்து, ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவே.

சமைத்தவுடன் இல்லத்தரசியின் பங்கினைத் தனிக் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிடுக. இரவு உணவையேனும் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்க. அப்போது யாருக்கு எது குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சுண்டல் உணவேயன்றி நோய்க்கு மருந்தாகாது. களைப்பு நீங்காதிருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற தாய்மார்க்கு 11 கிராமுக்கும் குறையின், மருத்துவர் தரும் மாத்திரையை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயுடையார் பயற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. நீரிழிவிற்கு மருந்து உண்போரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாது உண்ணாநோன்பு மேற்கொள்ளலாகாது. காணாமற்போன பொருள் கிடைக்க அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்ளும் அன்பருள் நீரிழிவுடையார், பிரசாதத்தைச் சிறிதளவே ஏற்றுப் பிறர்க்குப் பகிர்ந்தளிக்க. வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதேயாகும்.

வரும் புரட்டாசி வரை காத்திராது, இன்றிரவே ஓர் ஆழாக்குப் பயற்றினை ஊறவைக்க. நாளை அதன் முதற்பங்கு, நாள்தோறும் நமக்குச் சோறிடும் அத்தாய்க்கு ஆகுக.