பாட்டி வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் போன்: ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகள்

மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குள் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ வந்தால்தான் பேச முடியும். அதனால் தரைவழித் தொலைபேசி இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. சில வீடுகளில் பழைய செப்புக் கம்பி இணைப்பு. பல வீடுகளில் இணையத்தோடு சேர்ந்து வந்த கண்ணாடி இழை இணைப்பு.

ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கார்ட்லெஸ் போன்ல எது நல்லது?" என்று கேட்டாள். தனியாக வசிக்கும் அவள் பாட்டி, கூடத்தில் மணி அடித்ததும் அவசரமாக எழுந்து ஓடியதில் நிலைப்படியில் தடுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் கட்டு. வெளியூரில் இருக்கும் மாமா, படுக்கை அருகிலேயே வைத்துக்கொள்ளும்படி ஒரு போன் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறார். எதை வாங்குவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பிராண்ட் பெயர் ஒன்றைச் சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் மின்கலம், அலைநீளம், அளவீடு, நுகர்வோர் உரிமை எல்லாமே இருந்தன. எனவே ஐந்து பாடவேளைகளை அதற்கு ஒதுக்கினேன். கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஆளுக்கு ஒரு பாடவேளை விட்டுக்கொடுத்தார்கள்.

முதல் நாள், "நல்ல போன் என்றால் என்ன?" என்று கேட்டபோது கரும்பலகையில் வந்த பதில்கள்: விலை குறைவு, பெரிய கம்பெனி, கறுப்பு நிறம், நிறைய பட்டன். பாட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நான் திருத்தவில்லை. மூன்று பேரைப் பாட்டியிடம் அனுப்பினேன். என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வர வேண்டும், வீட்டின் வரைபடத்தையும் அடி அளவோடு வரைந்து வர வேண்டும்.

மறுநாள் வந்த பதில்கள் வகுப்பையே மாற்றின. பாட்டி முதலில் சொன்னது இதுதானாம்: "கனமா இருந்தா இடுப்புல நிக்குமா? நழுவி விழுந்து உடைஞ்சா யாரு காசு குடுக்கிறது?" அடுத்து, எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். மகனுக்குப் பேச ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் போதும் என்று இருக்க வேண்டும். காது சற்று மந்தம் என்பதால் சத்தம் கூட்ட முடிய வேண்டும். நிறத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. வரைபடத்தில் இன்னொரு செய்தி இருந்தது. படுக்கையறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில் கொசுவிரட்டி மெஷின் மாட்டியிருக்கிறது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு 34 அடி. நடுவில் இரண்டு கருங்கல் சுவர்கள்.

இந்த இரண்டு சுவர்களிலிருந்துதான் அலைகளைப் பற்றிய பாடம் தொடங்கியது.

கார்ட்லெஸ் போனுக்கு இரண்டு உறுப்புகள். தொலைபேசி இணைப்போடும் மின் இணைப்போடும் சேர்ந்திருப்பது அடிப்பெட்டி. கையில் வைத்துப் பேசுவது கைக்கருவி. இரண்டுக்கும் நடுவே பேச்சு வானலையாகப் போகிறது. அதாவது வீட்டுக்குள் மட்டும் இயங்கும் ஒரு குட்டி வானொலி நிலையம். ஒலி பாடத்தில் படித்த 'வேகம் = அதிர்வெண் × அலைநீளம்' என்ற சமன்பாட்டை இங்கே பயன்படுத்தினோம். வேகம் மட்டும் வினாடிக்கு 30 கோடி மீட்டர். பழைய கார்ட்லெஸ் போன்கள் 50 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கின. அலைநீளம் 6 மீட்டர். இப்போது பெருவாரியாக விற்கும் டெக்ட் வகை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அலைநீளம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு 12.5 சென்டிமீட்டர். மாணவர்கள் அளவுகோலில் 16 சென்டிமீட்டரைப் பிடித்துக் காட்டி, "இவ்வளவுதானா டீச்சர் அலை?" என்றார்கள். 6 மீட்டரைக் காட்ட வகுப்பறையின் நீளம் தேவைப்பட்டது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் ஒரு சிக்கல் உண்டு. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பகுதியில் நெரிசலாக இயங்குகின்றன. அடுப்பை ஓட்டினால் போனில் இரைச்சல் வரலாம். டெக்ட் என்பது 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட தரம். பேச்சை எண்ணிலக்கமாக்கி அனுப்புவதால் பழைய வகையைப் போலப் பக்கத்து வீட்டார் எளிதில் ஒட்டுக்கேட்க முடியாது. திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர், கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும் என்பது பொதுவான கணக்கு. அட்டைப்பெட்டிகளில் பெரிதாக அச்சிடப்படுவது திறந்தவெளி எண். பாட்டி வீட்டில் திறந்தவெளி கிடையாதே என்று ஒரு பையன் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. கருங்கல், கம்பி போட்ட கான்கிரீட், இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை அலையைத் தடுக்கும். ஆகவே அடிப்பெட்டியைத் தரையில் பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், உயரமான மாடத்தில், கதவு நிலைக்கு நேராக வைக்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. தன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவரப் போவதாகவும் அதையே பாட்டிக்குத் தரலாம் என்றும் ஒரு மாணவன் சொன்னான். அங்கே 'டெக்ட் 6.0' என்ற பெயரில் விற்பது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. 6.0 என்பது விற்பனைப் பெயர். 6 கிகாஹெர்ட்ஸ் அல்ல. நம் நாட்டில் 1920 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதி செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் போனை இங்கே இயக்கினால் சுற்றுவட்டார செல்போன் சேவைக்கு இடையூறு. போதாக்குறைக்கு அங்குள்ள அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், நம் 230 வோல்ட்டில் மாட்டியதும் புகைந்துவிடும். அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படிக்கும் பழக்கம் அன்று வகுப்பில் தொடங்கியது. ஒரு வாரம் எல்லா வீட்டு அடாப்டர்களும் குறிப்பேடுகளில் இடம்பிடித்தன.

"கதிர்வீச்சு ஆபத்தா டீச்சர்?" என்ற கேள்வி எப்படியும் வரும். பயமுறுத்தவும் வேண்டாம், தட்டிக்கழிக்கவும் வேண்டாம், கணக்காக மாற்றிவிடலாம். டெக்ட் கருவி உச்சத்தில் 250 மில்லிவாட் அனுப்புகிறது. ஆனால் காலத்தை 24 துண்டுகளாகப் பிரித்து, கைக்கருவி பேச்சின்போது அதில் ஒரு துண்டில் மட்டுமே அனுப்புகிறது. சராசரி, 250ஐ 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மில்லிவாட். ஒரு சிறிய டார்ச் பல்பின் திறனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். இது எக்ஸ் கதிர் போல அணுவை அயனியாக்கும் கதிரும் அல்ல.

அதிக நேரம் எடுத்தது மின்கலம். என் அனுபவத்தில் கார்ட்லெஸ் போன்கள் கெட்டுப்போனதாகச் சொல்லப்படுவதில் பெரும்பாலானவை கலம் கெட்டவைதான்.

பள்ளி அலுவலகத்தில் இருந்த கைக்கருவியின் பின்மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஏஏஏ அளவில் இரண்டு நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், 550 மில்லி ஆம்பியர் மணி. தொடர் இணைப்பு. "மொத்தம் எவ்வளவு?" என்றேன். 2.4 வோல்ட் என்று சரியாகச் சொன்னவர்கள், அதே வேகத்தில் 1100 மில்லி ஆம்பியர் மணி என்றும் சொன்னார்கள். பாதி வகுப்பு அப்படித்தான் நினைத்தது. தொடர் இணைப்பில் ஒரே மின்னோட்டம்தான் இரண்டு கலங்களிலும் செல்கிறது, எனவே மின்னழுத்தம் கூடும், மில்லி ஆம்பியர் மணி 550ஆகவே இருக்கும் என்பதைப் பாடப்புத்தகப் படத்தைவிட இந்தக் கைக்கருவி தெளிவாக்கியது.

கையேட்டில் பேசும் நேரம் 10 மணி, காத்திருப்பு நேரம் 170 மணி என்று இருந்தது. 550ஐ 10ஆல் வகுத்தால் பேசும்போது 55 மில்லி ஆம்பியர். 170ஆல் வகுத்தால் சும்மா இருக்கும்போது சுமார் 3.2. பேசும்போது 17 மடங்கு அதிகம் செலவாகிறது. ஆனால் இந்த எண்கள் புதுக் கலத்துக்கானவை. சில ஆண்டுகளில் கலம் தளரும். அப்போது என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்துதான் வாங்குவதற்கான மிக முக்கியமான விதி கிடைத்தது: எந்தக் கடையிலும் கிடைக்கும் ஏஏஏ அளவுக் கலம் போடும் கருவியை வாங்க வேண்டும். அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த, ஒயர் வைத்துச் சுற்றிய கலப்பொதி உள்ளதை வாங்கினால், கலம் கிடைக்காத அன்று முழுக் கருவியும் குப்பை.

மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒரு பாதுகாப்புச் செய்தி உண்டு. சாதாரண 1.5 வோல்ட் ஏஏஏ கலமும் அதே அளவில் இருப்பதால் கைக்கருவிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் தாங்கியில் வைத்ததும் கருவி அதை மின்னேற்ற முயலும். மின்னேற்றக் கூடாத கலத்தை மின்னேற்றினால் சூடாகிக் கசியும், வெடிக்கவும் கூடும்.

அடுத்தது மின்தடை. அலுவலகத்தில் அடிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினோம். கைக்கருவியில் மின்னேற்றம் முழுதாக இருந்தும் பேச முடியவில்லை. வகுப்பு திகைத்தது. கைக்கருவியின் கலம் கைக்கருவிக்கு மட்டும்தான். அடிப்பெட்டி சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. அதே செப்புக் கம்பி இணைப்பில் பழைய சுருள்கம்பி போனை மாட்டியதும் டயல் ஒலி கேட்டது. காரணம், அதற்குத் தேவையான நேர்மின்சாரம், சுமார் 48 வோல்ட், இணைப்பகத்தின் மின்கல அடுக்கிலிருந்து அதே கம்பி வழியாக வருகிறது. (கம்பியை யாரும் கையால் தொடக்கூடாது. மணி அடிக்கும் நேரத்தில் அதில் 75 வோல்ட்டுக்கும் மேல் மாறுமின்னழுத்தம் வரும். சோதனையை ஆசிரியரே செய்ய வேண்டும்.)

பாட்டி வீட்டில் இருப்பதோ கண்ணாடி இழை. இழையில் மின்சாரம் வராது, ஒளிதான் வரும். ஆகவே கரண்ட் போனால் மோடமும் நிற்கும், எந்தப் போனும் பேசாது. மழை நாளில் இரவெல்லாம் கரண்ட் இல்லாத ஊரில், தனியாக இருக்கும் முதியவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒரு குழு மோடத்துக்கான சிறு யு.பி.எஸ். வாங்கலாம் என்றது. இன்னொரு குழு உடனே அடாப்டர்களைப் படித்து மறுத்தது: மோடத்துக்கு 12 வோல்ட், அடிப்பெட்டிக்குச் சுமார் 6 வோல்ட், ஒரே வெளியீட்டில் இரண்டையும் மாட்ட முடியாது. கடைசியில் இரண்டு வழி எழுதினார்கள். வசதி இருந்தால் வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டு அடாப்டர்களையும் மாட்டுவது. இல்லையென்றால் மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் யு.பி.எஸ்., அதன் தொலைபேசித் துளையில் அவசரத்துக்கு மாற்றி மாட்ட ஒரு சுருள்கம்பி போன். மோடமே அந்தப் போனுக்கு மின்சாரம் தந்துவிடும்.

தேர்வு செய்யும் நாளில் கணித ஆசிரியர் வந்தார். மூன்று மாடல்களின் விவரத்தாள்களைப் பெயரை மறைத்து அ, ஆ, இ என்று கொடுத்தோம். ஒவ்வொரு பண்புக்கும் ஐந்துக்கு மதிப்பெண். அந்தப் பண்பு பாட்டிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடை. இரண்டையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். பட்டன் அளவுக்கு எடை 5, ஒலி கூட்டும் வசதிக்கு 5, சாதாரண ஏஏஏ கலத்துக்கு 4, கைக்கருவி எடைக்கு 4, விலைக்கு 3, நிறத்துக்குப் பூஜ்யம். பெயர் மறைத்ததும் எடைகளைப் பாட்டியின் பதிலிலிருந்து எடுத்ததும் நல்லதாயிற்று. முதல் நாள் எல்லாரும் விரும்பிய, பதிவுக் கருவியெல்லாம் வைத்த, விலை கூடிய மாடல் கடைசிக்குப் போனது. இரண்டு கைக்கருவி கொண்ட மாடலுக்கும் மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால் இரண்டாவது தாங்கிக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமே என்று வரைபடம் வரைந்தவர்கள் நினைவூட்டினார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துப் படுக்கையறையில் இன்னொரு பாயிண்ட் போட்ட பிறகே வாங்குவது என்று குடும்பத்தாரும் முடிவு செய்தார்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர் கடைக் காட்சியை நாடகமாக நடத்தினார். அட்டைப்பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாதமும் ஆண்டும், எந்த நாட்டில் செய்தது, குறை சொல்ல வேண்டிய எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சான்று பெற வேண்டிய கருவிகளில் கார்ட்லெஸ் போனும் ஒன்று. 'கடைக்காரர்' பில் இல்லாமல் 100 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னதும் 'வாடிக்கையாளர்' மயங்கிவிட்டான். உத்தரவாதத்துக்கு எந்தத் தாளைக் காட்டுவாய் என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மாவட்ட ஆணையம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 எல்லாம் அந்தக் கத்தலிலிருந்தே பாடமாகின. "சுவர் தாண்டி எட்டவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள்? அதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்" என்பது மாணவர்கள் எழுதிய வசனம். நிஜக் கடையிலும் அந்த மாணவியின் அம்மா அதையே கேட்டு, ஏழு நாள் என்று எழுதி வாங்கியிருக்கிறார்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் சில துண்டுகளை எடுக்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் வீட்டு வரைபடத்தைக் காலடியால் அளக்கலாம். பழைய போன் ஒன்றை மேசையில் வைத்து, யார் பேசுகிறோம், எங்கிருந்து, என்ன நடந்தது என்று மூன்றே வாக்கியங்களில் சொல்லப் பழக்கலாம். 112, 108, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களைப் பாட்டாகச் சொல்வதைவிட, பட்டனை அழுத்திப் பழகுவது நன்றாக நிற்கிறது. எங்கள் வளாகத்திலேயே உள்ள தொடக்கப்பள்ளியில் செய்தபோது, பல குழந்தைகளுக்குத் தங்கள் வீட்டு முகவரி தெரியவில்லை. தலைமையாசிரியர் அடுத்த வாரமே அதை எல்லா வகுப்புக்கும் வீட்டுப்பாடமாக்கினார்.

இதைச் செய்ய விரும்புவோருக்குத் தேவையானவை அதிகமில்லை. ஒரு பழைய கைக்கருவி, அதன் கையேடு, ஒரு சுருள்கம்பி போன், நான்கைந்து அடாப்டர்கள். செயலிழந்த கலங்களை மாணவர்கள் ஆர்வத்தில் உடைத்துப் பார்க்க விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். எங்கள் வகுப்பு டப்பாவில் இதுவரை 41 கலங்கள் சேர்ந்திருக்கின்றன.