அடுத்த வீட்டுப் பூனையும் எங்கள் கீரைப் பாத்தியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு விடுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டது பூனை அன்று, நாங்கள்தாம். அடுத்த வீட்டுப் பூனைகள் எங்கள் தோட்டத்தை அசுத்தம் செய்தபோது, கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு சண்டைக்குப் போனோம். பிறகுதான் கண்ணைத் திறந்து காரணத்தைத் தேடினோம். அவ்வாறு தேடிக் கற்றவற்றையே இக்கட்டுரையில் உங்களுக்குக் கூற விரும்புகிறோம்.

தொல்லை தொடங்கிய விதம்

செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லைப்புறத்தில் நான்கு பாத்திகள் உண்டு. அரைக்கீரை, தண்டுக்கீரை, கொத்தமல்லி, வெண்டை என்று மாற்றி மாற்றிப் பயிரிடுவோம். அடுத்த வீட்டில் ஆயா ஒருவர் தனியாக வசிக்கிறார். அவர் நான்கு பூனைகள் வளர்க்கிறார்.

மண்ணைக் கொத்தி, எருவிட்டு, விதை தெளித்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியில் அங்கங்கே பள்ளம் இருக்கும். பள்ளத்தை மூடிய மண்ணைக் கிளறினால் பூனைக் கழிவு கிடக்கும். தப்பி முளைத்த கீரையும் ஒரு வாரத்தில் வேரோடு சாய்ந்து கிடக்கும். நாற்றமோ சமையலறை வரைக்கும் வரும்.

ஒருநாள் அம்மா மதிலருகே நின்று, "ஆயா, உங்க பூனையைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். "வாயில்லா ஜீவனுக்குக் கீரைப் பாத்தி எது, வெறும் மண்ணு எதுன்னு தெரியுமா?" என்றார் ஆயா. சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மதிலைத் தாண்டிப் போவதும் நின்றது.

தெருவில் ஒருவர், "கருவாட்டில் கொஞ்சம் மருந்தைத் தடவி வையுங்கள், தொல்லை விட்டது" என்று அப்பாவுக்கு யோசனை சொன்னார். "விஷம் வைத்த கையால் பிள்ளைகளுக்குக் கீரை பறித்துக் கொடுக்கவா?" என்று அப்பா மறுத்துவிட்டார். ஆனால் எங்கள் தம்பி பொறுக்கவில்லை. கல்லை எடுத்து வீசினான். செவலைப் பூனையின் பின்னங்காலில் பட்டது. ஆயா வந்து சண்டை போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டு காலைத் தடவிக் கொண்டிருந்தார். அதைப் பார்த்த எங்களுக்கு, அவர் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அந்த வாரந்தான் அக்கா தலைப்பிரசவத்திற்காக வீட்டுக்கு வந்தார். பரிசோதனைக்குப் போன இடத்தில், "பூனை அசுத்தம் செய்த மண்ணைக் கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக் கூடாது" என்று செவிலியர் கூறினார். அம்மா பயந்து போனார். இனிக் கோபத்தால் பயனில்லை, விவரம் தெரிந்தாக வேண்டும் என்று நாங்கள் பள்ளி நூலகத்திற்குச் சென்றோம். அறிவியல் ஆசிரியையான சகோதரியும் எங்களுக்கு உதவினார்.

பூனை ஏன் பாத்தியைத் தேடுகிறது?

வீட்டுப் பூனையின் முன்னோர், வட ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய வறண்ட பகுதிகளில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். மணலைத் தோண்டி, கழிவை மூடி, தன் வாடையை மறைப்பது அவற்றின் இயல்பு. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை. ஆகவே பூனை எப்போதும் உலர்ந்த, இளகிய மண்ணையே நாடும். நாம் அரும்பாடுபட்டுக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய பாத்தி, பூனையின் கண்ணுக்கு அதற்கென்றே செய்து வைத்த இடமாகத் தெரிகிறது! ஒருமுறை போன இடத்தின் வாடையை அறிந்து மீண்டும் அங்கேயே வரும். ஆக, இது பூனையின் திமிரும் அன்று. ஆயாவின் அலட்சியமும் அன்று.

அப்படியானால் ஆயாவுக்கு நான்கு பூனைகள் எதற்கு? அவர் வீட்டில் விதை மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருக்கும். மல்லாட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நம் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்றபோது பெரிய தானியக் களஞ்சியத்தைப் பார்த்தோம் அல்லவா? அவ்வளவு நெல் இருந்த இடத்தில் எலிக்கும் பஞ்சம் இருந்திராது. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று வழங்கும் பல்லவர் காலச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி எலிகளையும் காணலாம். நம் நாட்டுச் சிற்பியும் இவ்விரண்டையும் நன்றாகக் கவனித்திருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

மாட்டுச் சாணம் எருவாகும்போது பூனைக் கழிவு ஏன் ஆகாது என்று தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். பூனை எலியையும் பறவையையும் பச்சையாகத் தின்பது. அதன் குடலில் வளரும் சில ஒட்டுண்ணிகள் மனிதருக்கும் நோய் தரக் கூடியவை. உருளைப்புழுவின் முட்டைகளும் அதில் இருக்கலாம்.

அவற்றுள் முக்கியமானது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒரு செல் உயிரி. 1908ஆம் ஆண்டில் துனிசியாவில் நிக்கோல், மான்சோ என்ற இருவரும், அதே ஆண்டில் பிரேசிலில் ஸ்பிளெண்டோர் என்பவரும் இதைக் கண்டனர். வில் போல் வளைந்திருந்ததால் வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டனர். ஆனால் இது எப்படிப் பரவுகிறது என்பது 60 ஆண்டுகளுக்கு மேல் முழுமையாக விளங்கவில்லை. பூனைக் கழிவில் இதன் முட்டை போன்ற கூடுகள் வெளிவருகின்றன என்பதை 1970ஆம் ஆண்டில் பல ஆய்வுக் குழுக்கள் உறுதி செய்தன. அவ்வாறு உறுதி செய்தவர்களுள் இந்தியாவில் பிறந்த ஜே.பி. துபே என்ற கால்நடை விஞ்ஞானியும் ஒருவர்.

நலமாக உள்ள பெரும்பாலோருக்கு இக்கிருமி புகுந்ததே தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் பரவலாம். கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல், கண்பார்வைக் குறை ஆகியன நேரக்கூடும். இது ஏதோ அயல்நாட்டுக் கதை அன்று. நம் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூரில், 2004, 2005ஆம் ஆண்டுகளில் 248 பேருக்கு இக்கிருமியால் கண்ணில் நோய் கண்டது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று கருதினர்.

இவற்றைப் படித்ததும் பூனைகளையே ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று தோன்றலாம். பொறுங்கள்! மூன்று செய்திகளை மறக்கலாகாது.

முதலாவது, நோய் கண்ட பூனை பொதுவாகத் தன் வாழ்நாளில் ஒருமுறை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே இக்கூடுகளை வெளியேற்றுகிறது. இரண்டாவது, பூனையைத் தடவுவதாலன்றி, சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண் படிந்த கை ஆகியவற்றாலேயே இது பெரும்பாலும் மனிதரை அடைகிறது. மூன்றாவது செய்திதான் எங்களுக்கு வழி காட்டியது. வெளிவந்த கழிவிலுள்ள கிருமி உடனே தொற்றாது. அது முதிர்ந்து தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாட்கள் வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். எனவே அன்றன்று அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு.

செய்யத் தகாதவை

சிலர் அந்துருண்டையைப் பாத்தியில் போடுவார்கள். அது பூனைக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. பினாயில் தெளிப்பதும் தவறு. அதிலுள்ள சில பொருள்களைப் பூனையின் ஈரல் முறிக்க இயலாது. பூனை பாதத்தை நக்கும்போது நஞ்சு உள்ளே போகும். நம் கீரையும் கெடும். மிளகாய்ப் பொடி அதன் கண்ணையும் பாதத்தையும் எரிக்கும்.

விஷம் வைப்பது பாவம் மட்டுமன்று, குற்றமும் ஆகும். பரதக் கலைக்குப் பெருமை சேர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1950களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குகளுக்காக மசோதா கொண்டு வந்தார். அம்முயற்சியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொன்றாலோ விஷமிட்டாலோ முடமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது தம்பி தலையைக் குனிந்து கொண்டான்.

செய்யத் தக்கவை

நாங்கள் செய்து பலன் கண்டவற்றைக் கீழே தருகிறோம்.

1. பழைய கழிவை மண்வெட்டியால் மேல்மண்ணோடு எடுத்து, கிணற்றுக்கும் பாத்திக்கும் தொலைவில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். வாடை போனால் பூனைக்கு அடையாளம் போய்விடும்.

2. விதை தெளித்ததும் பாத்தி முழுவதும் காய்ந்த குச்சிகளை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நட்டோம். கொத்தமல்லிப் பாத்தியின் மேல் பழைய கோழி வலையைப் பரப்பினோம். செடி வலைக்கண் வழியே வளரும். பூனையால் தோண்ட முடியாது.

3. மாலையிலும் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக வைத்தோம். ஈர மண்ணைப் பூனை விரும்பாது. வெண்டைச் செடியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினோம்.

4. எலுமிச்சை, சாத்துக்குடித் தோல்களையும் போட்டுப் பார்த்தோம். ஓரிரு நாள் பலன் இருந்தது. மணம் போனதும் பூனை வந்துவிட்டது. ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

5. தோட்ட வேலைக்குக் கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டோம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். கீரையைப் பல தண்ணீரில் அலசி, நன்றாக வேக வைத்தோம். அக்காவைப் பாத்திப் பக்கமே விடவில்லை.

ஆயா வீட்டுக்குப் போன நாள்

இவ்வளவும் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கி நின்றது. இங்கே வழியை அடைத்தால் பூனை வேறெங்கே போகும்? அடுத்த தெருவிலுள்ள இன்னொருவர் பாத்திக்குத்தானே! அதற்கென்று ஓர் இடம் கொடுத்தாலொழிய இத்தொல்லை தீராது. அந்த இடம் ஆயா வீட்டில்தான் அமைய வேண்டும். பேச்சு நின்று போன வீட்டில் போய் யார் கேட்பது? பூனைக்கு மணி கட்டுவது யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நாங்களும் தம்பியை அழைத்துக்கொண்டு போனோம். தம்பி, "ஆயா, நான்தான் கல்லால அடிச்சேன்" என்று சொல்லி அழுதுவிட்டான். ஆயா அவனை அருகில் இழுத்து உட்கார வைத்தார். அம்மா அக்காவைப் பற்றியும் செவிலியர் சொன்னதைப் பற்றியும் எடுத்துச் சொன்னார். "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு வந்திருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே ஏதாச்சும் பண்ணியிருக்க மாட்டேனா?" என்று ஆயா கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. பூனையைப் பற்றி ஆயிரம் சொன்ன நாங்கள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆயா வீட்டுக் கொல்லை மூலையில், மழை படாத இடத்தில், மூன்று அடிச் சதுரத்திற்குச் செங்கல் வைத்து உலர்ந்த மணலை நிரப்பினோம். வாடை தெரியும்படி பாத்தியிலிருந்து எடுத்த கழிவில் சிறிது அங்கே போட்டோம். இரண்டு பூனைகள் மறுநாளே பழகின. மற்றவை பழக ஏறக்குறைய இரு வாரங்கள் ஆயின. நாள்தோறும் காலையில் அக்கழிவை அள்ளிப் புதைக்கும் வேலையைத் தம்பியே கேட்டு வாங்கிக் கொண்டான். கையில் பையைக் கட்டிக்கொண்டுதான் செய்கிறான். ஒரு நாளும் தவறியதில்லை.

பூனை ஏறத்தாழ 65 நாட்களில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் போடக்கூடும். நான்கு பூனைகள் நாற்பதாகாமல் இருக்கக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று கூறினோம். கால்நடை மருத்துவரைக் கேட்டு வர அப்பாவும் ஆயாவும் சேர்ந்து போனார்கள்.

முடிவுரை

தோழியரே! அயலாரை நேசிக்க வேண்டும் என்று மறைக்கல்வித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குவது எளிது. அயலாரை அவர் வளர்க்கும் பூனையோடு சேர்த்து நேசிப்பதுதான் கடினம்! பூனைக்கு வேண்டியது ஒரு கூடை மணல். அதைக் கொடுக்க எங்களுக்கு இரண்டு மாதமும், ஒரு பூனையின் கால் நோவும் தேவைப்பட்டன. நீங்களாவது முதல் நாளே மதிலைச் சுற்றிப் போய்ப் பேசுங்கள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தையைப் பார்க்க முதலில் வந்தவர் அடுத்த வீட்டு ஆயாதான். வரும்போது கை நிறைய மல்லாட்டை உருண்டை கொண்டு வந்தார். வாசற்படி வரை கூடவே வந்த செவலைப் பூனை, உள்ளே வராமல் திண்ணையிலேயே படுத்துக் கொண்டது. தம்பி அதற்குக் கொஞ்சம் பால் கொண்டு போய் வைத்தான்.